கழுத்தைப் பார்த்து வாங்குங்கள்

காலாண்டு விடுமுறைக்குப் பேத்தி ஓடைப்பட்டி வந்திருந்தாள். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி இசைக்குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறாள். ராத்திரி தோசைக்கு உட்கார்ந்தபோது தண்ணீர்ச் செம்பை இடது கையால் தூக்கப் போனவள், பாதியில் விட்டுவிட்டு, சாப்பிடுகிற எச்சில் கையாலேயே எடுத்துக் குடித்தாள். அவள் பாட்டிக்கு அது பழக்கக் கேடாகத் தெரிந்தது. எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

"என்ன தாயி, கையில என்ன?"

"ஒண்ணுமில்ல தாத்தா. பேஸ் வாசிச்சு வாசிச்சு இப்படி ஆயிருச்சு."

இடது கையை வாங்கிப் பார்த்தேன். விரல் நுனிகள் காய்த்திருந்தன. அது பரவாயில்லை. கட்டை விரலின் அடியில், மணிக்கட்டோடு சேருகிற இடத்தில் லேசாக அழுத்தினேன். முகத்தைச் சுளித்தாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். சார் சொல்றாரு, வலிச்சாத்தான் வித்தை வரும்னு. மத்தவங்க எல்லாம் ரெண்டு மணி நேரம் வாசிக்கிறாங்க தாத்தா. எனக்கு இருபது நிமிஷம் தாண்டுறதில்ல. எனக்கு இது வராது போல."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. "எனக்கு இது வராது" என்று நானும் ஒரு காலத்தில் சொன்னேன். 1985-ல் சொன்னேன். அன்றைக்கு யாரும் என்னை மறுத்துப் பேசவில்லை. நாற்பது வருடம் கழித்து அதே வார்த்தை என் வீட்டுத் தோசைக்கல் பக்கத்தில் கேட்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

நம் வயதுக்காரர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். பேஸ் கிடார் என்பது நான்கு தடித்த கம்பி போட்ட மின்சாரக் கிடார். சாதாரணக் கிடாரின் கீழ்க் கம்பிகளை விடவும் ஒரு ஸ்தாயி இறங்கி ஒலிக்கும். பாட்டைக் கேட்கும்போது அது தனியாகக் காதில் விழாது. எடுத்துவிட்டால் பாட்டு காலில்லாமல் நிற்கிற மாதிரி இருக்கும். சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. சின்னமனூருக்குக் கிழக்கே நாங்கள். மேற்கே மலையடிவாரத்தில் பண்ணைப்புரம். அங்கிருந்து போன இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி'யில் தொடங்கி, பேஸ் கிடாரைச் சும்மா தாளத்துக்கு 'தும் தும்' போட வைக்காமல், பாட்டுக்குள்ளேயே ஓடுகிற இன்னொரு மெட்டாக ஆக்கினார். அவரே கிடார் கலைஞர். 1980-ல் வந்த 'மூடுபனி', 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' படங்களின் பாடல்களைப் பேரப்பிள்ளைகளின் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். இத்தனை வருடம் கேட்காத ஒரு குரல் அடியில் நடந்துகொண்டிருப்பது தெரியும்.

அந்தப் பாட்டுகளை மேடையில் வாசிக்க வேண்டிய நிலையில் நான் இருந்தேன். கூட்டுறவுத் துறையில் வேலை கிடைப்பதற்கு முன்னும், கிடைத்த பிறகு சில வருடங்களும், சின்னமனூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தேன். கல்யாண வீடு, கோவில் திருவிழா, அரசியல் கூட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம். சம்பளம் பெரிதில்லை. கேட்கிறவர்கள் கறாரானவர்கள். "நம்ம ஊர்க்காரர் பாட்டு, தப்பா வாசிச்சுப்புடாதீங்கப்பா" என்று மேடைக்கு முன்னால் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

எங்கள் குழுவின் பேஸ் கிடார் எல்லாரும் காசு போட்டு வாங்கிய பழைய கருவி. யார் செய்தது என்பது இப்போது வேண்டாம். அதன் கழுத்து, அதாவது இடது கை பிடிக்கிற நீளமான மரப் பகுதி, பாதியாகப் பிளந்த உலக்கை மாதிரி இருக்கும். கம்பிக்கும் பலகைக்கும் இடையில் பென்சிலை நுழைக்கலாம். ஒவ்வொரு சுரத்துக்கும் கம்பியை அவ்வளவு தூரம் அமுக்கி இறக்க வேண்டும். நான் சின்ன உடம்புக்காரன், கையும் சின்னது. முதல் வருடம் விரல் எரிந்தது. இரண்டாம் வருடம் மணிக்கட்டு வலித்தது. பிறகு ராத்திரித் தூக்கத்தில் கை மரத்துப்போய் எழுந்து உதறினேன். குழுவில் சொன்னபோது, "பழகப் பழகச் சரியாயிரும்" என்றார்கள். நானும் நம்பினேன்.

1985 சித்திரை, வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாச் சமயம். ராத்திரிக் கச்சேரி. நான்காவது மணி நேரத்தில் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. பாட்டு பாதியில் நிற்கக் கூடாதே என்று கீ-போர்டு வாசித்தவர் தன் இடது கையால் பேஸ் பகுதியைச் சமாளித்தார். ஜனங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அடுத்த மாதம் குழுவை விட்டு விலகினேன். "எனக்கு இது வராதுப்பா" என்றேன். "ஆமா, உனக்கு கை பத்தாது" என்றார்கள். அத்தோடு முடிந்தது.

பல வருடம் கழித்து மதுரையில் ஒரு கல்யாணத்தில், சாப்பாட்டு இடைவேளையில், ஆர்கெஸ்ட்ரா பையனிடம் கேட்டு அவன் பேஸை ஐந்து நிமிடம் வாங்கி வைத்துப் பார்த்தேன். கழுத்து கைக்குள் அடங்கியது. கம்பி தொட்டாலே படிந்தது. விரல்கள் அத்தனை வருடத்துக்குப் பிறகும் போக வேண்டிய இடத்துக்குத் தாமாகப் போயின. சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பொய். கோபம்தான் வந்தது. ஆறு வருடம் நான் சண்டை போட்டது சங்கீதத்தோடு அல்ல, ஒரு மரக்கட்டையோடு. தோற்றதும் அதனிடம்தான். பழியை என் தலையில் நானே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

எனவே "வலிச்சாத்தான் வரும்" என்கிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு.

எங்கள் ஊர் விதையில்லாத் திராட்சைக்குப் பேர் போன ஊர். கவாத்து சமயத்தில் பந்தலுக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை கொடியை வெட்டுகிறார் என்று நின்று பாருங்கள். அவரிடம் கை வலிக்கிற கத்தரியைக் கொடுத்து, "வலிச்சாத்தாம்பா தொழில் வரும்" என்று சொல்லுங்கள். கத்தரியை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பிடி பொருந்தாத கருவியோடு தொழில் செய்ய எந்தத் தொழிலாளியும் சம்மதிப்பதில்லை. கலை என்று வந்துவிட்டால் மட்டும் வலியைப் புண்ணியக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

வலியில் இரண்டு வகை உண்டு. விரல் நுனி எரிவது ஒன்று. கம்பி படப்படத் தோல் காய்த்து, சில வாரங்களில் அது போய்விடும். வாசிக்கிற எல்லாருக்கும் உண்டு, பயமில்லை. மணிக்கட்டு வலி, கட்டை விரல் அடியில் வலி, விரல் மரத்துப்போவது, இவை இன்னொன்று. மணிக்கட்டின் நடுவில் ஒரு குறுகிய வழியாக நரம்பும் விரல்களை மடக்குகிற நாண்களும் சேர்ந்து போகின்றன. மணிக்கட்டை வளைத்து வைத்துக்கொண்டு இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அந்த வழியில் அழுத்தம் கூடுகிறது. அது பழகினால் சரியாகிற சமாச்சாரம் இல்லை. பழகப் பழக மோசமாகிற சமாச்சாரம். மரத்துப்போகிறது என்று பிள்ளை சொன்னால் முதலில் வாசிப்பை நிறுத்தி டாக்டரிடம் காட்ட வேண்டும். கருவியைப் பார்ப்பது அதற்கு அடுத்து.

மறுநாள் மாப்பிள்ளை வந்தார். பேத்திக்கு நல்ல பேஸ் வாங்க என் பென்ஷனில் இருந்து 25,000 ரூபாய் தருவதாகச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். ஏற்கெனவே ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்.

"மாமா, வாங்குறதே வாங்குறோம், அஞ்சு கம்பியா வாங்கிருவோம். பெரிய கம்பெனி. பழசுதான், ஆனா பேரு இருக்கு. மேக்கொண்டு பத்தாயிரம் நான் போட்டுக்கிறேன்."

"அவ கைக்கு நாலு கம்பியே எட்டலையே மாப்பிள்ளை."

"வளர்ற பிள்ளைதான மாமா. நாளைக்குச் சேரும்."

வளர்கிற பிள்ளை என்று யூனிபார்மை ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது நம் எல்லார் வீட்டிலும் உண்டு. கால்சட்டையை அடியில் மடித்துத் தைக்கலாம். கிடாரின் கழுத்தை மடித்துத் தைக்க முடியாது. அதோடு, பதினாறு வயதுப் பெண்ணின் கை இனி எவ்வளவு வளரப் போகிறது? அவள் பாட்டி கையும் அதே அளவுதான்.

கணக்காகவே சொல்கிறேன். கூட்டுறவில் ஆடிட் பார்த்தவன், அளக்காமல் பேச மாட்டேன்.

பெரும்பாலான பேஸ் கிடார்களில் கம்பியின் நீளம், தலைப்பக்கப் பள்ளத்தில் இருந்து அடிப்பக்கத் தாங்கி வரை, 34 அங்குலம். இது வேதவாக்கு இல்லை. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-ல் தன் முதல் பேஸ் கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது வைத்த அளவு. மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அந்த ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது என்பது இன்னொரு விஷயம். 30 அங்குலக் கம்பி கொண்ட பேஸ்களும் அன்றைக்கிருந்தே உண்டு. குட்டை அளவு என்பார்கள்.

நான்கு அங்குலம் என்ன பெரிய வித்தியாசம் என்று மாப்பிள்ளை கேட்டார். வீணையில் மெட்டு என்கிறோமே, அதைப் போலக் கிடாரில் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளை ஃப்ரெட் என்பார்கள். முதல் ஃப்ரெட்டில் இருந்து நான்காவது ஃப்ரெட் வரை விரலை விரிப்பது பேஸ் வாசிப்பில் ஓயாத வேலை. 34 அங்குலக் கருவியில் அந்தத் தூரம் சுமார் 130 மில்லிமீட்டர். 30 அங்குலக் கருவியில் சுமார் 115. பதினைந்து மில்லிமீட்டர் மிச்சம். ஒரு நிகழ்ச்சியில் ஆயிரக்கணக்கான முறை விரிகிற கைக்கு ஒவ்வொரு முறையும் பதினைந்து மில்லிமீட்டர் மிச்சம்.

அடுத்தது அகலம். தலைப்பக்கத்தில், கம்பிகள் பள்ளத்தில் உட்காருகிற இடத்தில், கழுத்தின் அகலத்தைப் பாருங்கள். ஃபெண்டர் 1960-ல் கொண்டுவந்த ஜாஸ் பேஸ் வகையில் அது 38 மில்லிமீட்டர். பிரிசிஷன் வகையில் பெரும்பாலும் 41, 42 வரும். ஐந்து கம்பி என்றால் 45-க்கு மேல். மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தது ஐந்து கம்பி, 34 அங்குலம். இப்போது வலிக்கிற கைக்கு இன்னும் அகலமான கழுத்து. இதற்குத்தான் மேற்கொண்டு பத்தாயிரம்.

விலை கூடினால் வசதியும் கூடும் என்பது அடுத்த மயக்கம். கடையில் கூடுதல் விலைக்கு என்ன தருகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு கம்பி அதிகம். குமிழ் அதிகம். பேட்டரி போட்ட சர்க்யூட். வரி ஓடிய மரப் பளபளப்பு. தலையில் ஒரு பெயர். கழுத்தின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. ஆன்லைனில் பாருங்கள், எல்லாப் படமும் முன்பக்கத்தில் இருந்து எடுத்தவை. உள்ளங்கை ஆயுள் முழுக்கத் தொடப்போவது பின்பக்கத்தை. வண்டி வாங்கப் போனால் ஓட்டிப் பார்க்கிறோம், மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். கிடாரை மட்டும் படத்தைப் பார்த்து வாங்குகிறோம்.

நான் சொன்னதற்கு மறுப்பும் உண்டு. அதையும் வைத்துவிடுகிறேன்.

குட்டைக் கருவியில் அதே சுருதிக்குக் கம்பி இறுக்கம் குறையும். தடித்த நான்காம் கம்பி கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், ஒலியில் அந்த உறுதி குறையும் என்பார்கள். உண்மை. பொருத்தமான தடிமனில் நல்ல கம்பி போட்டால் பெரும்பகுதி சரியாகும், முழுவதும் ஆகாது. ஐந்து கம்பியின் கூடுதல் கீழ்ச்சுரங்களும் அதில் கிடையாது. அதுவும் உண்மை. சின்னக் கை என்பது தடையே இல்லை என்பதற்கும் சாட்சி உண்டு. மும்பையின் மோகினி டே ஐந்து கம்பி பேஸோடு ஏ.ஆர்.ரஹ்மான் மேடைகளில் வாசிப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர் மூன்று வயதிலேயே தந்தையிடம் பேஸ் பழகத் தொடங்கியவர். அவரைக் காட்டி என் பேத்தியை மிரட்டுவது நியாயமில்லை.

இன்னொரு சாட்சியும் சொல்கிறேன். உலகத்தில் மிக அதிகம் பேருக்குத் தெரிந்த பேஸ் கிடார் எது? பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி தோளில் தொங்கிய, வயலின் உருவத்தில் இருந்த ஹோஃப்னர். 1961-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கினார். ஃபெண்டர் வாங்கக் கையில் காசில்லை. அது 30 அங்குலக் குட்டைக் கருவி, எடையும் குறைவு. அதை வைத்துக்கொண்டு அவர் வாசித்ததை யாரும் குட்டை என்று சொல்லவில்லை. 1972-ல் களவு போன அந்தக் கருவியைத் தேடிக் கண்டுபிடித்து அவரிடமே சேர்த்துவிட்டார்கள் என்று 2024-ல் செய்தி வந்தது. வசதியான கழுத்துள்ள மலிவுக் கருவிக்கு அதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை.

புதிது வாங்குவதற்கு முன் பழையதைப் பார்த்துவிடுவோம் என்றேன். இதைத்தான் யாரும் சொல்வதில்லை, கடைக்காரர் நிச்சயம் சொல்ல மாட்டார். பல வீடுகளில் புதுக் கருவியே தேவைப்படாது. ஒரு ஆலன் கீயும் விஷயம் தெரிந்த ஆளும் போதும். நான்கு கம்பியும் சேர்ந்து கழுத்தை எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. ஒரு நெல் மூட்டை எந்நேரமும் தொங்குகிற மாதிரி. அதைத் தாங்கத்தான் கழுத்துக்குள் ஒரு எஃகுக் கம்பி ஓடுகிறது. நம் பக்கத்துப் பங்குனி வெயிலிலும் ஆடிக் காற்றிலும் மரம் அசையும். கழுத்து வில் மாதிரி வளைந்தால் கம்பி பலகையை விட்டு எழும்பிவிடும். எஃகுக் கம்பியைக் கால் சுற்று திருப்பினால் பல நேரம் சரியாகும். மரம் உலர்ந்து சுருங்கும்போது ஃப்ரெட் முனைகள் பக்கவாட்டில் துருத்திக் கையைக் கீறுவதும் உண்டு. அதையும் அரம் போட்டு மழுக்கலாம்.

பேத்தியின் பழைய பேஸை ஸ்கேல் வைத்து அளந்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் ஐந்து மில்லிமீட்டர். இரண்டு, இரண்டரைதான் இருக்க வேண்டும். விடுமுறை முடிவதற்குள் தேனியில் ரயிலேறி மதுரையில் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சர் பலகை பார்ப்பது மாதிரி கழுத்தின் நீளத்தில் பார்வையை ஓட்டினார். "ஐயா, கழுத்து முறுக்கிக்கிச்சு. இதுல செலவு பண்ணாதீங்க" என்றார். தனக்கு வரவேண்டிய காசை வேண்டாம் என்று சொன்ன மனிதர். அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனோம்.

கடையில் பேத்தியைச் செய்யச் சொன்னதை உங்களுக்கும் வரிசையாகச் சொல்கிறேன். பேரன் பேத்திக்கு வாங்கப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்து மட்டும் பார்க்கக் கூடாது. வாரை மாட்டி நின்று, இரண்டு கையையும் எடுத்துவிட வேண்டும். தலைப்பக்கம் கனத்துக் கீழே சாய்கிறது என்றால், அந்தக் கனத்தை வாசிக்கும்போதெல்லாம் இடது கைதான் தூக்கும். அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கையைக் கழுத்தின் இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழ் வரை ஓட்ட வேண்டும். ஏதாவது குத்துகிறதா, கீறுகிறதா?

முதல் ஃப்ரெட்டில் தொடங்கி நான்கு விரலையும் நான்கு ஃப்ரெட்டில் வைக்க வேண்டும். மணிக்கட்டு நேராக இருக்கிறதா, ஒடிந்து நிற்கிறதா என்று பக்கத்தில் இருக்கிற நாம் பார்க்க வேண்டும். வாசிக்கிறவருக்கு அது தெரியாது.

கட்டை விரலைக் கழுத்தில் இருந்து எடுத்துவிட்டு, மற்ற விரலால் மட்டும் கம்பியைத் தொட்டு ஒரு சுரம் வாசிக்க வேண்டும். சுத்தமாக ஒலித்தால் கம்பி உயரம் சரி. கட்டை விரல் கொடுத்து நெரித்தால்தான் ஒலிக்கிறது என்றால் சரியில்லை.

ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பிடித்தால், நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருக்கலாம். அதற்கு மேல் என்றால் கழுத்து வளைந்திருக்கிறது.

பின்பக்கத்தில் கண்ணாடி மாதிரி வார்னிஷ் இருந்தால், நம் ஊர் வியர்வைக்குக் கட்டை விரல் ஒட்டிக்கொண்டு நகராது. மங்கலான பூச்சு நல்லது.

கடைசியாக, ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் வாசிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு. பெயர் பலகை கண்ணில் படக் கூடாது.

கடைத் தம்பி முதலில் ஐந்து கம்பியைத்தான் எடுத்து வைத்தார். குட்டை அளவு காட்டுங்கள் என்றதும், "அது சின்னப் பசங்க சைஸ் சார்" என்றார்.

"கை சின்னதுதான் தம்பி. காது பெருசு. எடுத்துக் குடுங்க" என்றேன்.

ஐபனெஸ் மிக்ரோ என்று ஒன்று 28.6 அங்குலம். ஸ்குவையர் ப்ரான்கோ 30 அங்குலம். நீளம் அதே 34 இருந்தாலும் கழுத்து 38 மில்லிமீட்டர் ஆன ஜாஸ் வகை மலிவுப் பதிப்புகள். இப்படி எங்கள் பணத்துக்குள் வருகிற வகைகள் பல உண்டு. பேத்தி மூன்றைக் கண்ணை மூடி வாசித்தாள். மூன்றாவதில் பத்து நிமிடம் ஆகியும் நிறுத்தவில்லை. மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். நேராக இருந்தது.

எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் அந்தப் பெயரைத்தான் வாங்குவீர்கள், உங்கள் பேரன் கைக்கு அது சேராமல் போகலாம். குட்டை அளவு என்பது மட்டும் போதும். பணத்தில் மிச்சம் இருந்தது. அதில் ஒரு பங்கைக் கம்பி உயரத்தைச் சரி பண்ணவும், அகலமான வார் ஒன்றுக்கும் செலவழித்தோம். மீதியைப் பேத்தியிடமே கொடுத்தேன். வெளியே வரும்போது மாப்பிள்ளை, "பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கே மாமா" என்று முணுமுணுத்தார். பார்க்க வாங்கவில்லை மாப்பிள்ளை, வாசிக்க வாங்கினோம்.

நம் தலைமுறைக்கும் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு, "நாங்கள்லாம் ரத்தம் வர வாசிச்சவங்கப்பா" என்று ஒரு நண்பர் சொல்வார். எங்கள் குழுவின் பழைய டிரம்மர், போனிலேயே சொல்லிவிட்டார். அவரிடம் கேட்டதையே இங்கேயும் கேட்கிறேன். அன்றைக்கு ரத்தம் வர வாசித்தவர்களில் இன்றைக்கு எத்தனை பேர் வாசிக்கிறோம்? வலியைத் தாங்கியவர்கள் எழுந்து நின்று பெருமை பேசுகிறோம். தாங்க முடியாமல் பாதியில் போனவர்கள் பேச வருவதே இல்லை. அவர்களுக்குச் சங்கீதம் இல்லை என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். நான் அந்த இரண்டாவது கூட்டத்து ஆள். அதனால்தான் இந்தக் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது.

வாங்குகிற காசு பெரும்பாலும் நம் பென்ஷனில் இருந்துதான் போகிறது. காசு கொடுக்கிறவர் கேள்வியும் கேட்கலாம். எந்தக் கம்பெனி, எத்தனை கம்பி என்று கேட்க வேண்டாம். "எங்கே, பிடிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள். புதுப்பொருள் கையில் இருந்தால் எந்தப் பிள்ளையும் சிரிக்கும். மணிக்கட்டைப் பாருங்கள்.

போன ஞாயிறு பேத்தி பேசினாள். டாக்டர் மூன்று வாரம் ஓய்வு சொல்லியிருந்தார், முடிந்து மெல்லத் தொடங்கியிருக்கிறாள். அன்றைக்கு விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வாசித்தாளாம்.

"கை எப்படி இருக்கு தாயி?"

"கை நல்லாருக்கு தாத்தா. விரல் நுனிதான் எரியுது."

"எரியட்டும். அது நல்ல எரிச்சல்" என்றேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை ஏதோ ஒரு கருவியைக் கீழே வைத்துவிட்டு "எனக்கு இது வராது" என்று சொல்லலாம். உடனே தலையாட்டிவிடாதீர்கள். முதலில் அந்தக் கருவியை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள்.